ஐசியு கருவிகளை எவ்வளவு துடைத்தாலும் கிருமி போகவில்லையே, ஏன்?

கேள்வி இதுதான்: ஒரு மருத்துவமனை ஐசியுவில் நாளுக்கு மூன்று முறை கட்டில், மானிட்டர், பம்ப் எல்லாவற்றையும் துடைக்கிறார்கள். இருந்தும் பஞ்சுக் குச்சியால் தடவி ஸ்வாப் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பினால் அதே கிருமி திரும்பத் திரும்ப வருகிறது. நிர்வாகம் தூய்மைப் பணியாளர்களையும் நர்ஸ்களையும் குறை சொல்கிறது. கருவிகளின் வடிவமைப்புக்கு இதில் பங்கு உண்டா?

உண்டு. நிறையவே உண்டு. ஒரு கருவியில் எந்த இடம் சுத்தமாகும், எந்த இடம் ஆகாது என்பது அதை வரைந்த மேசையிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. பிறகு துணியும் கிருமிநாசினி மருந்தும் கொடுத்து ஒருவரை அனுப்பி, துணி எட்டாத இடத்தையும் சேர்த்துத் துடைக்கச் சொல்கிறோம். கை கழுவுவதுதான் முதல் பாதுகாப்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கழுவிய கை அடுத்துத் தொடுவதும் ஒரு கருவியைத்தான்.

கிருமிகள் உலர்ந்த பரப்பில் சில மணி நேரத்தில் செத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பல ஆன்டிபயாடிக்குகளுக்குக் கட்டுப்படாத எம்ஆர்எஸ்ஏ வகை ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியா 7 மாதம் வரைக்கும், நம் ஐசியுக்களின் பழைய விருந்தாளியான அசினெட்டோபாக்டர் 5 மாதம் வரைக்கும் உலர்ந்த பரப்பில் உயிரோடு இருந்ததாக ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. அதாவது ஒரு நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி, அவருக்குப் பின் பத்துப் பேர் அதே கட்டிலில் படுத்து எழுந்த பிறகும் அது ஒரு திருகின் தலையில் உட்கார்ந்திருக்கலாம்.

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்ததைப் பாருங்கள். அங்கே ஒரு நரம்பியல் ஐசியுவில் 2015 முதல் 2017 வரை கேண்டிடா ஆரிஸ் என்ற பூஞ்சை பரவியது. பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத பூஞ்சை அது. மொத்தம் 70 நோயாளிகளிடம் கண்டுபிடித்தார்கள். அவர்களில் 66 பேர் அந்த ஐசியுவில் இருந்தவர்கள். தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு தன் கையில் இருந்த எல்லா நடவடிக்கைகளையும் எடுத்துப் பார்த்தது. சுற்றுப்புறத்தில் மாதிரி எடுத்தால் பூஞ்சை அபூர்வமாகத்தான் கிடைத்தது. அப்புறம்தான் கண்ணில் பட்டது, அக்குளில் வைத்து உடல் வெப்பத்தைத் தொடர்ந்து காட்டும் சின்ன சென்சார். ஒருவருக்குப் பயன்படுத்திவிட்டு, துடைத்து, அடுத்தவருக்கு வைப்பார்கள். அந்தச் சென்சார்களில் பூஞ்சை இருந்தது. அவற்றை வார்டிலிருந்து எடுத்த பிறகுதான் புதிய நோயாளிகளின் எண்ணிக்கை குறைந்தது. தரையை எத்தனை முறை கழுவியிருந்தாலும் இது நின்றிருக்காது. தோலோடு மணிக்கணக்கில் ஒட்டியிருக்கும் ஒரு பொருளை, ஒரு துடைப்பில் சுத்தமாகிவிடும் என்று நம்பிப் பலருக்கும் பொதுவாக வைத்ததுதான் கோளாறு.

இந்த விஷயத்தில் உலகமே பாடம் படித்த கருவி டியோடினோஸ்கோப். பித்தநாளக் கல்லை எடுக்கவும் அடைப்பை நீக்கவும் செய்யும் ஈஆர்சிபி சிகிச்சைக்கான எண்டோஸ்கோப் இது. சாதாரண எண்டோஸ்கோப்பில் கேமரா நேராகப் பார்க்கும். இதில் பக்கவாட்டில் பார்க்கும். நுனியில் 'எலிவேட்டர்' என்று மிகச் சிறிய நெம்புகோல் ஒன்று உண்டு. உள்ளே விடும் கம்பியையும் குழாயையும் தூக்கிப் பித்தநாளத்தின் வாய்க்குள் திருப்பிவிடுவது அதன் வேலை. அந்த நெம்புகோலை அசைக்க ஒரு மெல்லிய கம்பி குழாயின் நீளம் முழுக்க ஓடுகிறது. நெம்புகோலின் பின்பக்கம், கீல், கம்பி வந்து சேரும் மூலை ஆகிய இடங்களுக்குள் பிரஷ் ஒழுங்காகப் போகாது. கருவி போய்வரும் இடமோ குடல்.

பழைய மாடல்களில் அந்தக் கம்பி ஓடும் வழி திறந்திருந்தது. ஊசிக்குழலை வைத்து மருந்தைச் செலுத்தி அதையும் கழுவ வேண்டும், பெரிய தொல்லை. அதனால் ஒலிம்பஸ் நிறுவனம் டிஜேஎஃப்-க்யூ180வி என்ற மாடலில் அந்த வழியை ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் வைத்து அடைத்துவிட்டது. உள்ளே எதுவும் போகாது, ஆகவே கழுவவும் வேண்டாம் என்பது கணக்கு. நுனியில் இருந்த மூடியையும் கழற்ற முடியாதபடி நிரந்தரமாகப் பொருத்திவிட்டார்கள். காகிதத்தில் பார்த்தால் நல்ல யோசனைதான். பணியாளருக்கு ஒரு வேலை மிச்சம்.

2012இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரிலுள்ள எராஸ்மஸ் மருத்துவ மையத்தில், மருந்துக்குக் கட்டுப்படாத சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா 30 நோயாளிகளிடம் தென்பட்டது. அவர்களில் 22 பேருக்கு ஈஆர்சிபி செய்தது இந்த மாடலின் ஒரே டியோடினோஸ்கோப். அதைப் பிரித்துப் பார்த்தபோது மூடிக்குக் கீழே பழுப்பு நிறப் படலம், ஓ-ரிங்கில் அழுக்கு. தண்ணீர் பாட்டில் மூடியின் உள்ளே இருக்கும் வாஷரை எப்போதாவது நெம்பி எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? ஏறக்குறைய அதே கதை. பாட்டிலில் வாஷரைக் கழற்றிக் கழுவலாம். இங்கே கழற்றவே வழியில்லை.

அமெரிக்காவில் 2015 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸின் யூசிஎல்ஏ மருத்துவமனை, 179 பேர் இப்படிக் கிருமிக்கு ஆளாகியிருக்கலாம் என்று அறிவித்தது. 7 பேருக்குத் தொற்று உறுதியானது. இருவரின் மரணத்தில் அதற்குப் பங்கிருந்தது. கவனிக்க வேண்டியது, அங்கே தயாரிப்பாளர் சொன்ன சுத்திகரிப்பு முறையைத்தான் பின்பற்றியிருந்தார்கள். கையேட்டின்படி எல்லாம் செய்தும் கிருமி தங்கியது. 2016 தொடக்கத்தில் வந்த அமெரிக்க செனட் விசாரணை அறிக்கை, 2012க்கும் 2015க்கும் இடையே உலகெங்கும் குறைந்தது 25 முறை இப்படிப் பரவல் நடந்து, குறைந்தது 250 பேர் நோய்வாய்ப்பட்டதாகச் சொன்னது. அதே ஆண்டு ஒலிம்பஸ் அந்த மாடலைத் திரும்பப் பெற்று எலிவேட்டர் பகுதியை மாற்றிக் கொடுத்தது. தொற்று பற்றிய தகவல்களை ஒழுங்காக அரசுக்குத் தெரிவிக்காத வழக்கில் 2018இல் அந்த நிறுவனக் குழுமம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 8.5 கோடி டாலர் கட்டியது.

இதற்குள் ஒரு கணக்கும் இருக்கிறது. பயன்படுத்தி வெளியே எடுக்கும் எண்டோஸ்கோப்பில் நூறு கோடி, ஆயிரம் கோடி என்ற அளவில் பாக்டீரியா இருக்கலாம். கையால் பிரஷ் போட்டுக் கழுவுவதிலும் பிறகு ரசாயனத்தில் ஊறவைக்கும் உயர்நிலைக் கிருமிநீக்கத்திலும், ஒவ்வொரு படியிலும் இந்த எண்ணிக்கை லட்சக்கணக்கான மடங்கு வரை குறையலாம். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் பாதுகாப்புக்கு மிச்சம் பெரிதாக இல்லை. சிறிய அழுக்கு ஒன்று மருந்தை மறைத்தாலே கணக்கு தோற்றுவிடும். நீராவியில் வேகவைத்துவிடலாமே என்றால், எண்டோஸ்கோப்பின் பசையும் லென்ஸும் ஆட்டோகிளேவ் சூட்டைத் தாங்காது. இதுவும் வடிவமைப்பில் எடுத்த முடிவுதான்.

தீர்வும் கடைசியில் வடிவமைப்பிலிருந்தே வந்தது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ, கழற்றி எறியும் நுனி மூடி உள்ளவற்றுக்கோ முழுவதுமே ஒருமுறை பயன்படுத்துவதற்கோ மாறச் சொல்லி 2019இல் பரிந்துரைத்தது. கழற்றும் பாகம் உள்ள ஒரு மாடலில் கவலைக்குரிய கிருமி 0.5 சதவீதக் கருவிகளில்தான் இருந்தது என்றும், பழைய வகைகளில் அது 6 சதவீதம் வரை போனது என்றும் 2022இல் அதே நிர்வாகம் சொன்னது. மூடியைக் கழற்ற முடிவதற்கும் முடியாததற்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவு.

மூட்டுக்குள் குருத்தெலும்பைச் செதுக்கும் ஷேவர் கைப்பிடியிலும் இதேதான் நடந்தது. 2009இல் ஹூஸ்டனில் மூட்டு அறுவைக்குப் பிறகு 7 பேருக்கு சூடோமோனாஸ் தொற்று வந்தது. கழுவி முடித்த கைப்பிடிக்குள் குட்டிக் கேமராவை விட்டுப் பார்த்தால் திசுத் துணுக்குகள். கண்ணால் பார்க்க முடியாத குறுகிய குழாயைச் சுத்தமாகிவிட்டது என்று யார் எப்படிக் கையெழுத்துப் போடுவது?

நோயாளியைத் தொடவே தொடாத கருவியும் இந்தப் பட்டியலில் உண்டு. திறந்த இதய அறுவையின்போது நோயாளியின் ரத்தத்தைக் குளிர்விக்கவும் சூடாக்கவும் ஹீட்டர்-கூலர் என்ற இயந்திரம் தேவை. அதன் தொட்டியில் இருக்கும் தண்ணீர் ரத்தத்தோடு கலப்பதில்லை, ஆகவே ஆபத்தில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் தொட்டி முழுதாக மூடியதல்ல. உள்ளே ஒரு விசிறி. தண்ணீரில் வளர்ந்த மைக்கோபாக்டீரியம் கைமேரா என்ற பாக்டீரியா, நுண்துளியாகி விசிறிக் காற்றோடு கிளம்பி, திறந்திருக்கும் மார்புக்குள் இறங்கியது. ஜூரிச்சில் இதை முதலில் கண்டுபிடித்தார்கள். 2015இல் அவர்களின் ஆய்வு வெளியானது. இந்தத் தொற்று மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் கழித்தே வெளியே தெரியும் என்பதால் யாருக்கும் ஆபரேஷன் தியேட்டர் மேல் சந்தேகம் வரவில்லை. பிறகு மரபணு வரிசையை ஒப்பிட்டபோது, பல நாடுகளில் கிடைத்த கிருமிகள் ஒரே குடும்பம் என்றும், தயாரிப்பு ஆலையிலேயே தொற்றியிருக்க வேண்டும் என்றும் தெரிந்தது. தியேட்டர் தரையை எத்தனை முறை ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் வகைக் கிருமிநாசினி போட்டுத் துடைத்தாலும் இதற்குப் பயனில்லை. இயந்திரத்தைத் தியேட்டருக்கு வெளியே வைப்பது, முடியாவிட்டால் விசிறிக் காற்று நோயாளிப் பக்கம் போகாமல் திருப்புவது என்றுதான் சரிசெய்தார்கள்.

கை கழுவும் தொட்டிகூடக் கருவிதான் என்பேன். டொராண்டோ பொது மருத்துவமனையில் 2004 கடைசியிலிருந்து 2006 வரை 36 நோயாளிகளிடம் சூடோமோனாஸ் கண்டறியப்பட்டது. ஐசியு அறைகளின் கை கழுவும் தொட்டியில் குழாய்த் தண்ணீர் நேராக வடிகால் துளையில் விழும்படி இருந்தது, தொட்டியும் ஆழமில்லை. ஒளிரும் சாயத்தை வடிகாலில் ஊற்றிச் சோதித்தபோது ஒரு மீட்டர் தூரம் வரை தெறித்தது. பக்கத்திலேயே மருந்து கலக்கும் மேடை. வடிகாலைக் கிருமிநாசினியால் கழுவியும் பரவல் நிற்கவில்லை. தண்ணீர் தெறிக்காதபடி தொட்டியை மாற்றிக் கட்டிய பிறகு நின்றது.

சரி, இவையெல்லாம் பெரிய கதைகள். கேள்வி கேட்டவரின் ஐசியுவில் இருப்பவை மானிட்டர், சிரிஞ்ச் பம்ப், வென்டிலேட்டர், கட்டில். அங்கே நடப்பது இவ்வளவு நாடகமாக இருக்காது. ஆனால் தினமும் நடக்கிறது.

பிளாஸ்டிக்கிலிருந்து தொடங்குகிறேன், அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. அச்சில் உருக்கி ஊற்றிய பிளாஸ்டிக் உறைக்குள், குறிப்பாகத் திருகு இறுகும் இடங்களிலும் மூலைகளிலும், ஓர் இழுவிசை தங்கியிருக்கும். பாலிகார்பனேட், ஏபிஎஸ் போன்ற பிளாஸ்டிக் வகைகளின் மேல் சில கிருமிநாசினிகள், முக்கியமாக குவாட்டர்னரி அமோனியம் வகைத் துடைப்பான்களும் சில கரைப்பான்களும், நாளாவட்டத்தில் பட்டுக்கொண்டே இருந்தால் அந்த இழுவிசை உள்ள இடத்தில் முடி அளவு விரிசல் விழும். முதலில் கண்ணுக்குத் தெரியாது. பிறகு பம்பின் கைப்பிடி ஒருநாள் கையோடு வரும். அது உடைவதற்கு முன்பே பல மாதம் அந்த விரிசல் கிருமிக்கு இருப்பிடமாக இருந்திருக்கும். தொற்றைத் தடுக்கப் போட்ட மருந்தே கருவியைத் தொற்றுக்குத் தோதாக்குகிறது என்பது இந்தத் துறையின் கசப்பான வேடிக்கை.

கருவியின் கையேட்டைத் திறந்தால் 'மென்மையான சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்கவும்' என்று இருக்கும். மருத்துவமனை விதியோ ஹைப்போகுளோரைட் போடச் சொல்லும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சி. டிஃபிசில் பாக்டீரியாவின் வித்துகளை ஸ்பிரிட் கொல்லாது, குளோரின் போன்ற மருந்து வேண்டும். ஆகவே மருத்துவமனை சொல்வதும் தப்பில்லை. ஹைப்போ போட்டால் உலோகம் துருப்பிடிக்கும், ரப்பர் கடினமாகும். சர்வீஸ் எஞ்சினியர் வந்து 'நீங்கள் தப்பான மருந்தைப் போட்டீர்கள், வாரண்டி இல்லை' என்பார். நடுவில் மாட்டிக்கொள்வது நர்ஸ். மருத்துவமனைகளில் உண்மையில் என்ன மருந்து புழங்குகிறது என்று பார்த்து அதைத் தாங்கும் பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுப்பது தயாரிப்பாளரின் கடமை. சோப்புத் தண்ணீர் என்று எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்வதை நான் நேர்மை என்று சொல்ல மாட்டேன்.

மருந்து பரப்பின் மேல் ஈரமாக எத்தனை நிமிடம் நிற்கிறது என்பதும் இருக்கிறது. மருந்துக்குத் தகுந்தபடி ஒரு நிமிடத்திலிருந்து பத்து நிமிடம் வரை நிற்க வேண்டும். செங்குத்தான பக்கத்தில் வழிந்துவிடும், குழிந்த பொத்தான்களுக்கு நடுவில் துணியே போகாது. தட்டையான, ஒரே ஷீட்டாகப் போர்த்திய பொத்தான் பலகை ஒரே வீச்சில் துடைபடும். எழும்பி நிற்கும் தனித்தனிப் பொத்தான்கள் என்றால் ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு சின்ன அகழி. மூலை வளைந்திருந்தால் துணி போகும். தொண்ணூறு டிகிரி உள்மூலையில் அழுக்கு திரண்டு தங்கும். உள்ளே விசிறி சுழலும் மானிட்டர் தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும். பிபி பட்டையின் வெல்க்ரோவைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம், கையில் எடுத்துப் பாருங்கள்.

மெத்தை இன்னொன்று. வெளியே பளபளவென்று இருக்கும் ரெக்சின் உறையில் ஒரு ஊசிக் குத்தல் போதும், ரத்தமும் சிறுநீரும் உள்ளே நுரைப்பஞ்சில் இறங்கும். மேலே துடைத்தால் சுத்தம். அடுத்த நோயாளி படுத்து அழுத்தும்போது உள்ளிருப்பது மேலே வரும். இப்படி உறை கசிந்ததாக 2011 ஜனவரி முதல் 2013 ஜனவரி வரை எஃப்டிஏவுக்கு 458 புகார்கள் வந்தன. தையல் போட்ட உறையைவிடச் சூட்டில் ஒட்டிய உறை நல்லது; ஜிப் இருந்தால் அதன் மேல் மடிப்பு வேண்டும். முக்கியமாக, உறையைக் கழற்றி உட்பக்கம் கறை இருக்கிறதா என்று பார்க்க முடிய வேண்டும்.

பணியாளர் அலட்சியம் என்பதே இல்லையா? உண்டு. அமெரிக்காவில் 23 மருத்துவமனைகளில் கண்ணுக்குத் தெரியாத, புற ஊதா ஒளியில் மட்டும் ஒளிரும் மையைத் தடவிவிட்டு, நோயாளி போன பின் அறையைச் சுத்தம் செய்ததும் பார்த்தார்கள். குறித்த இடங்களில் ஏறக்குறைய பாதிதான் துடைக்கப்பட்டிருந்தது. எந்தப் பாதி என்பதைப் பாருங்கள்: கழிப்பறையும் கை கழுவும் தொட்டியும் நன்றாகவே துடைபட்டிருந்தன, கதவுக் கைப்பிடியும் விளக்கு சுவிட்சும் பெரும்பாலும் விடுபட்டன. அழுக்கு என்று நம் மனம் சொல்லும் இடத்துக்குத் துணி போகிறது. சாம்பல் நிறப் பம்பின் அடிப்பக்கத்தில் கறை இருப்பதே தெரியாது. வென்டிலேட்டரைத் துடைப்பது நர்ஸ் வேலையா, தூய்மைப் பணியாளர் வேலையா, டெக்னீஷியன் வேலையா என்பது எழுதியே இருக்காது. 'கருவியைத் தொடாதே, கெட்டுவிடும்' என்று பணியாளரைப் பயமுறுத்தியும் வைத்திருப்பார்கள்.

உங்கள் ஐசியுவுக்கு வருகிறேன். கிருமி திரும்பத் திரும்ப வருகிறது என்றால், ஸ்வாப்பை வழக்கமான தட்டைப் பரப்பில் மட்டும் எடுக்காதீர்கள். திருகுக் குழி, கட்டில் தடுப்புக் கம்பியின் உள்பக்கம், ஈசிஜி வயரின் கிளிப், ரத்த ஆக்சிஜனைக் காட்ட விரலில் மாட்டும் எஸ்பிஓ2 கிளிப்பின் ரப்பர், பம்பின் கொக்கி, ஐவி ஸ்டாண்டில் பழைய பிளாஸ்டர் ஒட்டிக் கறுத்த இடம், இங்கெல்லாம் எடுங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் விடை கிடைத்தது இப்படித்தான், நோயாளிக்கு நோயாளி நகரும் பொருளைத் தேடியபோது. மேசை நகர்வதில்லை, சென்சார் நகர்கிறது.

அடுத்த முறை கருவி வாங்கும்போது டெமோவுக்கு வரும் பிரதிநிதியிடம், நீங்கள் பயன்படுத்தும் மருந்தின் பெயரைச் சொல்லி, 'இதைத் தாங்கும் என்று எழுத்தில் தருவீர்களா?' என்று கேளுங்கள். டெமோ முடிந்ததும் உங்கள் வார்டில் துடைக்கிற அக்காவையே கூப்பிட்டு, கையுறையோடு, உங்கள் துணியால், துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். டெண்டர் விவரக்குறிப்பில் திரை எத்தனை அங்குலம், பேட்டரி எத்தனை மணி நேரம் என்று வரிவரியாக எழுதுகிறோம். எத்தனை பாகம் திருப்புளி, ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே கழலும், சுத்திகரிப்பு முறையைச் சோதித்த அறிக்கை இருக்கிறதா என்று கேட்கும் இரண்டு வரியையும் சேர்த்தால் மலிவு விலைக்காரர் தானாக ஒதுங்கக்கூடும். அதற்காக, கிருமியைக் கொல்லும் பூச்சு பூசியது என்று சொல்லி இரண்டு மடங்கு விலை கேட்டால் உடனே மயங்க வேண்டாம். அழுக்குப் படிந்த பூச்சு கிருமியைத் தொடுவதே இல்லை, துடைக்கும் வேலையும் குறையாது. எல்லாவற்றையும் ஒருமுறைப் பயன்பாட்டுக்கு மாற்றிவிடலாம் என்பதும் நம் ஊர் வசதிக்கு எட்டாது. நடைமுறையில் அவற்றையே கழுவி மறுபடி பயன்படுத்துவார்கள், கழுவுவதற்காகச் செய்யாத பொருளைக் கழுவுவது இன்னும் மோசம்.

இருக்கிற கருவிகளில் விரிசல் விட்ட உறை, கிழிந்த மெத்தை, நைந்த பிபி பட்டை ஆகியவற்றைக் கருவிகளைப் பராமரிக்கும் பயோமெடிக்கல் பிரிவு மாதம் ஒருமுறை சுற்றிப் பார்த்து ஒதுக்கட்டும். விரிசலுக்கு மேல் பிளாஸ்டர் ஒட்டி ஓட்டுவதை முதலில் நிறுத்துங்கள். 'உடைந்தால் மாற்று' என்ற வழக்கத்தை 'துடைக்க முடியாவிட்டால் மாற்று' என்று திருத்த நிர்வாகம் சம்மதித்தால், கல்ச்சர் அறிக்கை வந்ததும் யாரைத் திட்டுவது என்ற கூட்டங்கள் கொஞ்சம் குறையும்.